லாக்டவுன்ல போன் கவுன்சிலிங்: ஒரு பெட்ரூம் வீட்ல இருந்து எடுத்த அனுபவம்

போன்ல கவுன்சிலிங் எடுத்தா நிஜமாவே பிரயோஜனம் இருக்கான்னு சித்தி பொண்ணு போன வாரம் கேட்டா, அவளுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், வேற யாருக்காவது உதவட்டும். முடிவ முதல்லயே சொல்லிடறேன். பிரயோஜனம் இருக்கு, ரொம்பவே இருக்கு. ஆனா சென்னையில சின்ன வீட்ல நாலஞ்சு பேரா இருக்கறவங்களுக்கு வீடியோ வேணாம், வெறும் வாய்ஸ் கால் போதும், தமிழ்ல பேசற ஒரே ஆளா இருக்கணும், வாராவாரம் ஒரே நேரமா இருக்கணும். இந்த மூணும் அமைஞ்சா குடுக்கற காசு வீண் போகாது.

நாங்க பெரம்பூர்ல ஒரு சிங்கிள் பெட்ரூம் வாடகை வீடு. நான், வீட்டுக்காரர், அத்தை, பத்தாவது படிச்சுட்டு இருந்த பொண்ணு, சின்னவன். 2020 மார்ச் 24 சாயந்திரம் ஆறு மணிக்கு 144 போட்டப்போ கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு தான் எல்லாரும் நெனச்சோம், அப்புறம் ஏப்ரல் கடைசில நாலு நாள் முழு ஊரடங்கு, மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ட மூடினாங்க, ஜூன் 19ல இருந்து 30 வரைக்கும் சென்னைக்கு மறுபடி கெடுபிடி, மளிகை கடை கூட மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தான். எதிர் தெருவுல கொரோனா வந்த ஒரு வீட்டு வாசல்ல, யாரும் வெளிய வராம இருக்க கார்ப்பரேஷன் ஆளுங்க தகரம் அடிச்சுட்டு போனாங்க. அந்த சுத்தியல் சத்தம் எங்க வீட்டு சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு, உள்ள இருந்த அந்த அக்கா ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தாங்க, அவங்கள நான் தினமும் பால் வாங்கறப்போ பாக்கறவ.

பொண்ணுக்கு பத்தாவது பரீட்சை ஜூன் 1ன்னு சொன்னாங்க, அப்புறம் ஜூன் 15ன்னு மாத்தினாங்க, கடைசில ஜூன் 9 அன்னிக்கு எல்லாரும் பாஸ்னு அறிவிச்சாங்க. காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், அட்டெண்டன்ஸுக்கு 20 சதவீதம். கேக்கறவங்களுக்கு ஜாலியா தெரியும். அரையாண்டுல ஜுரத்தோட போய் எழுதின பொண்ணுக்கு அது ஜாலி இல்ல. அவ புக்க மூடி வெச்சுட்டு அப்படியே சுவத்த பாத்துட்டு உக்காந்திருந்தா.

எனக்கு ஆரம்பிச்சது தூக்கத்துல தான். ஒர்க் ஃப்ரம் ஹோம்னு கட்டில் மேலயே லேப்டாப், அங்கயே சாப்பாடு, அங்கயே தூக்கம், ராத்திரி ரெண்டு மணி போல முழிப்பு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு முட்டும், விரல் நுனி மரத்து போகும். மூச்சு முட்டுதுன்னா அந்த நேரத்துல யாருக்கும் வேற நெனப்பே வராது இல்லையா, கொரோனா தான்னு முடிவு பண்ணி, ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு காட்டற ஆக்ஸிமீட்டர எடுத்து விரல்ல மாட்டுவேன், 98 காட்டும், நம்பாம வேற விரல்ல மாட்டுவேன், 97, உடனே குறையுதுன்னு பயம், மறுபடி படபடப்பு. விடியற வரைக்கும் இதே தான்.

முதல்ல முயற்சி பண்ணது ஒரு வீடியோ கவுன்சிலிங் ஆப், பேர் வேணாம். அதுல பேசினவங்க நல்லவங்க தான், அவங்க மேல எனக்கு எந்த கோவமும் இல்ல, ஆனா அந்த முறை எங்க வீட்டுக்கு ஒத்து வரல. தமிழ்னு டிக் பண்ணியும் பாதிக்கு மேல இங்கிலீஷ்லயே பேசினாங்க, ஆபீஸ் விஷயத்த இங்கிலீஷ்ல சொல்லிடுவேன், அத்தை இருமினா எனக்கு வயிறு கலங்குதுன்னு எப்படி சொல்றது? போதாததுக்கு வீடியோவுல எனக்கு பின்னாடி அத்தை உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தாங்க. அவங்க காதுல விழற தூரத்துல நான் என்ன பேச முடியும். பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ், வீட்டுக்காரருக்கு மீட்டிங், எனக்கு வீடியோ, எல்லாம் ஒரே வைஃபைல, படம் நின்னு நின்னு வந்துச்சு. பணம் கட்டினது போச்சு, பரவால்ல.

அதுக்கப்புறம் தான் ஒரு ராத்திரி 104க்கு அடிச்சேன். தமிழ்நாடு அரசோட ஹெல்ப்லைன், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. எடுத்தவங்க அவசரமே படல. ஜுரம் இருக்கா, இருமல் இருக்கா, வாசனை தெரியுதா, ஆக்ஸிஜன் எவ்ளோன்னு வரிசையா கேட்டாங்க, 94க்கு கீழ போனா தான் உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும், உங்களுக்கு அது இல்லம்மா, இது பயத்துல வர்ற படபடப்பா இருக்கலாம்னு சொல்லி மனநல ஆலோசகர்கிட்ட கனெக்ட் பண்ணாங்க. அந்த ஒரு கால்ல அந்த ராத்திரிய தாண்டிட்டேன். எந்த ஹெல்ப்லைனா இருந்தாலும் அடுத்த தடவை வேற ஆள் எடுப்பாங்க, முதல்ல இருந்து கதைய சொல்லணும், அதோட அமைப்பே அப்படி. அந்த நேரத்துக்கு கை குடுக்கறதுக்கு தான் அது, அத வெச்சு அத குறை சொல்லக்கூடாது.

தொடர்ந்து பேசறதுக்கு ஆள் வேணும்னு தெரிஞ்சவங்க மூலமா அண்ணா நகர்ல இருக்கற ஒரு சின்ன கவுன்சிலிங் சென்டர் கிடைச்சுது. ஊரடங்குனால எல்லாமே போன்ல தான் பாத்துட்டு இருந்தாங்க. நாற்பது நிமிஷம், எண்ணூறு ரூபா, ஜிபே பண்ணிட்டா ரசீது வாட்ஸப்ல வந்துடும். இந்த ரிவ்யூ முக்கியமா அவங்கள பத்தி தான், பேர் மட்டும் போடல, அங்க எனக்கு பாத்த மேடம் இப்ப ஊர் மாறி போயிட்டாங்க.

அவங்க முதல் கேள்வியே, "இப்ப எங்க இருந்து பேசறீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" அது வரைக்கும் யாரும் கேக்காத கேள்வி. மொட்டை மாடில, தண்ணி டேங்க் பின்னாடி நிழல்ல இருக்கேன்னு சொன்னேன். யாராவது வந்தா என்ன பண்ணலாம்னு முதல்லயே பேசி வெச்சுக்கலாம்னாங்க. துணி எடுக்க கீழ் வீட்டு அக்கா வந்தா நான் "சரி, நாளைக்கு சிலிண்டர் புக் பண்ணிடறேன்"னு சொல்லணும், உடனே அவங்க ஆமா இல்லன்னு பதில் சொல்ற கேள்வியா மாத்திடுவாங்க. நெஜமாவே அப்படி நடந்துச்சு, அக்கா கொடில இருந்து துணிய ஒண்ணொண்ணா மடிச்சு எடுக்கற வரைக்கும் நான் "ஆமா", "இல்ல", "ராத்திரி தான்"னு பேசிட்டு இருந்தேன், மேடம் எதையும் விடாம அந்தப் பக்கம் பேச்ச நகத்திட்டு போனாங்க. எனக்கு இந்த சேவை மேல நம்பிக்கை வந்தது அப்ப தான். வீட்ல அடி உதை வாங்கிட்டு வெளிய சொல்ல முடியாம இருக்கற பொண்ணுங்களுக்கு இந்த ஏற்பாடு எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க, அவங்களுக்கு 181ன்னு பெண்கள் உதவி எண் தனியாவே இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, அட்வைஸ்னு பெருசா எதுவும் இல்ல. பாசிட்டிவா இருங்கன்னு ஒரு தடவை கூட சொல்லல, அதுக்கே நான் கை எடுத்து கும்பிடணும். ஆக்ஸிமீட்டர காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு, நெயில் பாலிஷ் இல்லாத விரல்ல மட்டும் பாருங்க, பாத்துட்டு வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்கன்னாங்க. படபடப்பு வந்தா மூச்ச இழுக்கறத விட விடறது நீளமா இருக்கணும், சூடா இருக்கற காபிய ஊதி ஆத்தற மாதிரி மெதுவா. வேகமா வேகமா மூச்சு விட்டா உடம்புல கார்பன் டை ஆக்ஸைடு குறையும், விரல் மரத்து போறது அதனால தான்னு விளக்கினாங்க. காரணம் தெரிஞ்சதும் அந்த மரப்பு மேல இருந்த பயம் பாதி போயிடுச்சு.

கவலைப்படறதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்க சொன்னாங்க. சாயந்திரம் அஞ்சரைல இருந்து இருபது நிமிஷம், ஒரு நோட்டுல எழுதணும், மத்த நேரம் கவலை வந்தா அஞ்சரைக்கு பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கணும். கேட்டப்போ இதெல்லாம் நடக்குமான்னு இருந்துச்சு. ஆனா அப்பல்லாம் சாயந்திரம் ஆனா டிவில இன்னிக்கு எத்தனை பேருக்கு பாசிட்டிவ், சென்னையில எத்தனை, இறப்பு எத்தனைன்னு வரும், வீடே டிவி முன்னாடி உக்காரும், அந்த நேரத்துல நான் நோட்டோட மாடிக்கு போயிட்டேன், அதுவே பெரிய மாத்தம். கட்டில் மேல லேப்டாப் கூடாதுன்னாங்க, டேபிள் போட இடம் இல்ல மேடம்னேன், அப்ப தரைல பாய் போட்டு தையல் மெஷின் ஸ்டூல் மேல வைங்கன்னு எங்க வீட்டு அளவுக்கு யோசிச்சு சொன்னாங்க. படுத்து கொஞ்ச நேரத்துல தூக்கம் வரலன்னா எழுந்து ஹாலுக்கு வந்துடணும், கண்ணு சொருகினா தான் திரும்ப படுக்கணும். இது ஒரு மாசம் ஆச்சு பழக, நடுவுல ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, பகல்ல தூங்கி வழிஞ்சேன், அப்புறம் மெல்ல மெல்ல ராத்திரி தூக்கம் சேந்து வர ஆரம்பிச்சுது.

அவங்களால முடியாதத அவங்களே சொன்னாங்க, அது இன்னொரு நல்ல விஷயம். சைக்காலஜிஸ்ட் பேசி சரி பண்றவங்க, மருந்து எழுதறது சைக்காட்ரிஸ்ட், அவங்க எம்பிபிஎஸ் முடிச்ச டாக்டர். எனக்கு மருந்து தேவைப்படல. ஆனா அத்தைக்கு ஊர்ல தம்பி இறந்து முகம் கூட பாக்க முடியாம போனதுல சாப்பாடே இறங்கல, நான் இத சொன்னப்போ போன்ல பாக்கற கேஸ் இல்ல, நேர்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க, இன்னும் ரெண்டு செஷன் எடுங்கன்னு இழுக்கல. ஊரடங்கு தளந்ததும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஓபிக்கு போனோம். 1794ல இருந்து வர்ற ஆஸ்பத்திரி, ஓபி இலவசம், மாத்திரையும் அங்கயே குடுக்கறாங்க. கீழ்ப்பாக்கம்னு சொன்னதும் "என்ன பைத்தியம்னு நெனச்சுட்டியா"ன்னு அத்தை அழுதுட்டாங்க. தெருவுல சண்டை வந்தா அந்த ஊர் பேர சொல்லி திட்டற பழக்கத்தோட விளைவு இது, வயசானவங்க எத்தனை பேர் இதனாலயே மருந்து இல்லாம கஷ்டப்படறாங்களோ, நெனச்சா வயிறு எரியுது. டாக்டர் அவங்கள "உக்காருங்கம்மா, தம்பி பேர் என்ன"ன்னு கேட்டு தான் பேச்ச ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் அத்தையே மாத்திரைய எடுத்து போட்டுக்கிட்டாங்க, யாரும் சொல்ல வேண்டி இருக்கல.

புதுசா தேடறவங்களுக்கு ஒரு ரெண்டு விஷயம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டிருந்தா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்க, சரியானவங்க தயங்காம குடுப்பாங்க. செஷன ரெக்கார்ட் பண்றாங்களா, குறிப்பு யார் பாப்பாங்கன்னும் கேளுங்க. காசு கட்ட முடியாதுன்னா விட்டுடாதீங்க, 2022 அக்டோபர்ல இருந்து 14416ன்னு மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் இருக்கு, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதா, ஆப் எல்லாம் தேடிட்டு உக்காராதீங்க, உடனே அதுக்கு அடிங்க, இல்லன்னா சென்னையில இருக்கற சிநேகாங்கற தற்கொலை தடுப்பு அமைப்பு, 044 2464 0050. 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்சது, பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள் பேசுவாங்க, பேசறத விட நீங்க சொல்றத கேப்பாங்கன்னு சொல்றது தான் சரி, விஷயம் வெளிய போகாது.

அண்ணா நகர் சென்டர்ல குறைன்னா, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஸ்லாட்டே கிடையாது. வேலைக்கு போறவங்களுக்கும் சமையல் முடிக்கறவங்களுக்கும் அப்ப தான் நேரமே கிடைக்கும். வெயில்ல மாடில நின்னு பேசறது ஜூன் மாசம் சாதாரண விஷயம் இல்ல. அப்புறம் பதினஞ்சு பதினாறு வயசு பசங்களுக்குன்னு அங்க தனியா யாரும் இல்ல. என் பொண்ணு ஒரு தடவை பேசினா, பெரியவங்ககிட்ட பேசற தொனில கேக்கறாங்கம்மான்னு சொல்லி விட்டுட்டா. அவளுக்கு கடைசில உதவினது அவ ஸ்கூல் கணக்கு மிஸ், வாரம் ஒரு தடவை அவங்களா போன் பண்ணி பாடத்த தவிர மத்த எல்லாத்தையும் பேசுவாங்க. வளந்த பசங்களுக்கு தமிழ்ல நல்லா பேசற கவுன்சிலர் வடசென்னை பக்கம் யாராவது தெரிஞ்சா கீழ சொல்லுங்க, கட்டணத்தையும் சேத்து சொல்லுங்க.