எனம்: ஜாவா, கோ, ரஸ்ட் மூன்றிலும் புழங்கிய பிறகு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பல வருடமாகப் பராமரிக்கிறேன். பணம் வரும் விதத்தை எழுத எனம் (enum) வேண்டும், அதாவது இன்னின்ன மதிப்புகள்தான் வரலாம் என்று நிரலில் பட்டியல் போட்டு வைக்கும் வகை. ஆரம்பத்தில் ரொக்கம், பற்று (கடன்) என்று இரண்டே இரண்டு.

2004இல் ஜாவா 5 தந்த எனம் எனக்குப் பிடிக்கும். சி மொழியில் அந்த இடத்தில் எந்த முழு எண்ணைப் போட்டாலும் நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் வாங்கிக்கொள்ளும். ஜாவாவில் அது தனி வகை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாறிலியும் ஒரு பொருள் (object). பாக்கி நிற்குமா என்பதை மாறிலியிடமே கேட்கலாம்.

வம்பு சேமிக்கும்போதுதான். ஜாவா பொருள்களை டேட்டாபேஸில் சேமிக்க உதவும் ஜேபிஏவிடம் (JPA) எதுவும் சொல்லாமல் விட்டால் பெயரை எழுதாது, பூஜ்யத்திலிருந்து எண்ணும் வரிசை எண்ணை எழுதும். எனக்கு முன்னால் இதைப் பார்த்தவர் அப்படியே விட்டிருந்தார். யுபிஐ வந்ததும் ரொக்கத்துக்கு அடுத்து, நடுவிலே செருகிவிட்டார். 1 என்று கிடந்த பழைய பற்றெல்லாம் யுபிஐ ஆகிவிட்டது, அதாவது வசூலான பணம்! வியாபாரிகள் யாரும் புகார் சொல்லவில்லை, ஏன் சொல்லப்போகிறார்கள்? கடைக்காரர்தான் பேரேட்டை வைத்துக் கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொரு மாறிலிக்கும் நானே ஒரு குறியீடு கொடுத்து அதைத்தான் சேமிக்கிறேன். பெயரைச் சேமித்தாலும் பின்னால் பெயர் மாற்ற முடியாது.

கோ மொழியில் எனம் என்று தனியாக எதுவும் இல்லை. பூஜ்யத்திலிருந்து தானாக எண் கொடுக்கும் ஐயோட்டா (iota) வைத்து மாறிலிகளை வரிசையாக எழுதுகிறோம், அவ்வளவுதான். மதிப்பு கொடுக்காத மாறி பூஜ்யம். ஆகவே முதல் மாறிலி ரொக்கமாக இருந்தால் நிரப்பாத பில்லும் ரொக்கம்தான். பூஜ்யத்தைத் 'தெரியாது' என்று ஒதுக்கிவிடுவது நல்லது. எந்த மதிப்புக்கு என்ன செய்வது என்று பிரிக்கும் ஸ்விட்சில் ஒன்றை விட்டுவிட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது, அதற்குத் தனிச் சோதனைக் கருவி ஓட்டுகிறேன்.

ரஸ்ட்தான் நிறைவு. யுபிஐயோடு பரிவர்த்தனை எண்ணையும், பற்றோடு கெடு தேதியையும் சேர்த்தே வைக்கலாம். ஸ்விட்ச் போன்ற மேட்சில் (match) ஒன்று விடுபட்டால் கம்பைல் ஆகாது. ஜாவா 14இன் ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனும் (மதிப்பைத் திருப்பித் தரும் ஸ்விட்ச்) இப்படிக் கேட்கும், ஆனால் சோம்பலில் மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து டிஃபால்ட் எழுதினால் அந்தக் காவல் போச்சு. ரஸ்டிலும் அதே வேலைக்கு அடிக்கோடு (_) போட்டால் அதே கதிதான்.

அப்புறம், மல்லி, பிச்சி, சம்பங்கி என்று பூ வகையையும் எனமாக்கச் சிலர் கேட்பார்கள். வேண்டாம். கடைக்காரர் நினைத்த நேரத்தில் சேர்ப்பதெல்லாம் டேட்டாபேஸ் அட்டவணையில் இருக்கட்டும். புதிதாக ஒன்று வந்தால் நிரல் எழுதுபவர் உட்கார்ந்து முடிவெடுத்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் எனத்தில் வையுங்கள்.