வாசலுக்கு வரும் மருத்துவமா, தெருமுனை கிளினிக்கா?

நகரத்து ஏழைகளுக்கு மருத்துவம் போய்ச் சேரவில்லை என்று யாராவது சொன்னால் உடனே வருகிற பதில், 'பெரிய ஆஸ்பத்திரியே பக்கத்தில்தானே இருக்கிறது' என்பதுதான். தூரத்தை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பி மூன்று வீடு முடித்து மதியம் திரும்புகிற ஒரு பெண்ணுக்கு, ஓ.பி. சீட்டு கொடுக்கிற நேரம் என்பது சம்பளம் போகிற நேரம். சுகர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதற்கு அவரை அலட்சியக்காரி என்று திட்டுவதில் நியாயமே இல்லை, லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க் கோடியில் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களுக்குத் தூரமும் சேர்ந்துகொள்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், போய்வர ஆகிற அரை நாளை யார் தருவது?

இந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான் டெல்லி, ஹைதராபாத், தமிழ்நாடு மூன்றின் இலவச மருத்துவத் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் டெல்லி. 2015 ஜூலையில் பீராகடியில் முதல் மொஹல்லா கிளினிக், அதாவது அரசின் பேட்டை கிளினிக், திறந்தார்கள். கொண்டுவந்து இறக்கிவைக்கிற சின்ன போர்ட்டா கேபின் அறை, ஒரு டாக்டர், கூட இரண்டு மூன்று பேர். ஆலோசனை, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். ஆயிரம் திறப்போம் என்று சொல்லி ஐந்நூற்றுச் சொச்சத்தில் வந்து நின்றது. அப்படியும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற நம்பிக்கையை டெல்லியின் குடிசைப் பகுதிகளில் கொண்டுவந்தது இந்தத் திட்டம்தான். ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் 2017-ல் பாராட்டிக் கடிதமே எழுதினார்.

எனக்கு இதில் பிடிக்காதது இரண்டு. ஒன்று, நேரம். பெரும்பாலான கிளினிக்குகள் காலை 8-லிருந்து மதியம் 2 வரைதான் இருந்தன, அதாவது நான் முதலில் சொன்ன அந்தப் பெண் வீட்டு வேலையில் இருக்கிற அதே நேரம். இன்னொன்று, டாக்டருக்குப் பணம் கொடுத்த விதம். நோயாளி ஒருவருக்கு 30 ரூபாய், பிறகு 40 ரூபாய் என்று தலைக்கணக்கு. சளி காய்ச்சலுக்கு இது ஓடும். சுகர் ஏறி இறங்குகிறவரிடம் என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரையை எப்போது விட்டீர்கள், காலில் புண் இருக்கிறதா என்று உட்கார்ந்து கேட்கிற டாக்டருக்கு இந்த முறையில் நஷ்டம்தான். 2024 ஜனவரியில், வராத நோயாளிகள் பெயரில் பரிசோதனை எழுதப்பட்டதாகக் குற்றச்சாட்டு கிளம்பி சி.பி.ஐ. விசாரணைக்குப் பரிந்துரை வரை போனது. அதில் எவ்வளவு உண்மை என்பது விசாரணையின் வேலை. ஆனால் எண்ணிக்கைக்குப் பணம் கட்டுகிற இடத்தில் அந்தச் சந்தேகம் எழாமலும் இருக்காது.

2025-ல் ஆட்சி மாறியதும் மொஹல்லா கிளினிக்குகளை மூடுவது, மத்திய அரசுத் திட்டத்தின் சுகாதார மையங்களான ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களைக் கொண்டுவருவது என்று ஆரம்பித்தார்கள். நமக்கு இது புதிதில்லை. 2020 டிசம்பரில் ராயபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க 2,000 என்று அறிவிக்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகள் 2022 தொடக்கத்தில் முடித்துவைக்கப்பட்டன. மாத்திரை எங்கே கிடைக்கும் என்று பழகிவைத்த ஜனங்கள் மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இதுவே என் பெரிய வருத்தம்.

அடுத்தது ஹைதராபாத். அங்கே பஸ்தி தவாகானா என்கிற குடியிருப்புப் பகுதி கிளினிக் 2018-ல் வந்தது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். டாக்டருக்கு மாதச் சம்பளம், தலைக்கணக்கு கிடையாது. நேரம் காலை 9 முதல் மாலை 4, இதுவும் வேலைக்குப் போகிறவருக்கு உதவாத நேரம்தான். ஆனால் பரிசோதனை விஷயத்தில் ஹைதராபாத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். சின்ன கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார்கள், நாராயணகூடாவில் இருக்கிற தெலங்கானா டயக்னாஸ்டிக்ஸ் மைய ஆய்வகத்துக்கு வண்டியில் போகிறது, முடிவு போனுக்கே வந்துவிடுகிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு மெஷினை வாங்கிப் போட்டு, அது பழுதாகி மூலையில் தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல். 'வெளியே லேபில் எடுத்து வாங்க' என்று சீட்டு எழுதுகிற இடத்தில்தான் பாதிப் பேர் வைத்தியத்தை விட்டுவிடுகிறார்கள், அந்த ஓட்டையை இவர்கள் அடைத்திருக்கிறார்கள்.

அடுத்து தமிழ்நாடு. இங்கே நடப்பது இரண்டு வேறு வேலைகள். 2022 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் டெல்லியில் மொஹல்லா கிளினிக்கை நேரில் பார்த்துவிட்டு இங்கும் கொண்டுவருவோம் என்றார். 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தன, மொத்தத் திட்டம் 708. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. மாலை 8 வரை என்கிற அந்த ஒரு வரிக்காகவே டெல்லியையும் ஹைதராபாத்தையும் விட இதை மேலே வைக்கலாம்.

இன்னொன்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வருகிற தன்னார்வலர், பெரும்பாலும் அதே பகுதிப் பெண். பையில் பிரஷர் மெஷின், சுகர் பார்க்கிற கருவி, ஸ்ட்ரிப், ஒரு பதிவேடு. வாசலில் நின்று 'அக்கா, போன மாசம் மாத்திரை மிச்சம் இருக்கா' என்று கேட்கிறார். மிச்சம் இருந்தால் ஏன் என்று அடுத்த கேள்வி. மருமகள் வெளியே போகட்டும் என்று காத்திருந்து, மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று ஒரு பாட்டி மெல்லச் சொல்வார். இது எந்த ஓ.பி. வரிசையிலும் வெளியே வராத தகவல். அளந்து, எழுதி, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தனியாக நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோன நாளில், ஐந்தாவது மாடியில் பக்கவாதத்தில் கிடப்பவருக்குத் தெருமுனை கிளினிக் என்ன செய்ய முடியும்?

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்குப் பெயர்போன மாநிலத்தில் இந்த நிலைமை! இந்த நோய்களில் சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை, மாதாமாதம் விடாமல் மாத்திரை போடுவதில்தான் எல்லாம் அறுந்து போகிறது. அதனால்தான் வாசலுக்கு வருகிற ஆளை நான் கட்டடத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

ஓட்டைகளும் இருக்கின்றன. தன்னார்வலர் பகலில் வருகிறார், அப்போது வீட்டில் இருப்பது வயதானவர்கள். சித்தாள், கொத்தனார், வீட்டு வேலை செய்பவர் யாரும் கையில் சிக்குவதில்லை. தொழிற்சாலைகளுக்குத் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது, நல்லது, ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்குத் தொழிற்சாலை ஏது? அப்புறம், தன்னார்வலருக்குத் தொடக்கத்தில் கொடுத்த ஊக்கத்தொகை மாதம் 4,500 ரூபாய். இவ்வளவு பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டு இந்தத் தொகை கொடுப்பது எனக்கு ஏற்பில்லை. நல்ல அனுபவம் உள்ளவர் வேறு வேலைக்குப் போனால், பாட்டி ரகசியம் சொல்லும் அந்தப் பழக்கமும் அவரோடு போய்விடும்.

இதே மாதிரி வீடு வீடாகப் போகிற வேலைக்குப் பிரேசிலில் 1990-களிலிருந்து சமூக சுகாதார ஊழியர்கள் இருக்கிறார்கள். ஊழியர் ஒருவரின் பொறுப்பில் அதிகபட்சம் 750 பேர், யாருக்கும் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் டாக்டர், நர்ஸ் இருக்கிற அதே குழுவில் உறுப்பினர்கள், சம்பளத்தோடு. வீட்டில் பார்த்தது நேராக டாக்டர் மேசைக்குப் போகிறது.

சளி, காய்ச்சல், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, சின்னக் காயம் என்றால் தெருமுனை கிளினிக்தான், அதிலும் மாலையில் திறந்திருக்கிற கிளினிக். சுகர், பிரஷர், பக்கவாதம், முதுமை என்றால் வாசலுக்கு வருகிற ஆள்தான். காசு கொஞ்சமாக இருந்து ஒன்றை மட்டும்தான் முதலில் செய்ய முடியும் என்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன், ஏனென்றால் காய்ச்சலுக்கு எப்படியாவது ஒரு டாக்டரைத் தேடிப் போய்விடுகிறார்கள், வலிக்காத பிரஷருக்கு யாரும் போவதில்லை.

தமிழ்நாட்டில் இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் கேட்க வேண்டியதும் சின்ன விஷயங்கள்தான். தன்னார்வலர் பகலில் போய் ஆள் இல்லாமல் திரும்பிய வீடுகளின் பட்டியல் அன்று மாலையே நலவாழ்வு மையத்துக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சுற்று வைக்கட்டும், வார நாளில் அதற்கு ஈடாக விடுப்பு கொடுத்து. ஹைதராபாத் மாதிரி ரத்த மாதிரி எடுத்துப்போக ஒரு வண்டி எல்லா மையங்களுக்கும் வரட்டும். ஊக்கத்தொகை என்பதைச் சம்பளம் என்று மாற்றி, மாதம் பிறந்ததும் கையில் கொடுக்கட்டும்.