டாக்கி வுட்டா, பிராட்ஃபீல்ட் வுட்ஸா? ஏப்ரலில் ஒரு நாள் கையில் இருந்தால்

போன ஏப்ரலில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கேம்பிரிட்ஜில் எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தெரிவது ஓட்டுக்கூரைகளும் சைக்கிள்களும்தான். "இந்த நாட்டுக் காடு எப்படித்தான் இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். காரில் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் தூரத்தில் எனக்குத் தெரிந்த காடுகள் இரண்டு. தென்மேற்கே, ஹார்ட்ஃபர்ட்ஷைரும் பக்கிங்ஹாம்ஷைரும் சந்திக்கும் இடத்தில், ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டைச் சேர்ந்த டாக்கி வுட். கிழக்கே, சஃபோக்கில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் பிராட்ஃபீல்ட் வுட்ஸ். இரண்டும் இலையுதிர் காடுகள். இரண்டுக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் பருவம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அம்மாவை பிராட்ஃபீல்டுக்கு அழைத்துப் போனேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்கி வுட்டுக்கு நான் போனது இரண்டே முறை. பிராட்ஃபீல்டுக்கு ஏழெட்டு முறை. அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

போக்குவரத்தில் டாக்கி வுட்டுக்குத்தான் முதலிடம். லண்டன் யூஸ்டனிலிருந்து ட்ரிங் நிலையத்துக்கு ரயில் இருக்கிறது. நடக்கத் தெம்பிருந்தால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். எஸ்டேட்டில் தேநீர்க் கடையும் உண்டு. பிராட்ஃபீல்டுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம். சாப்பாடும் கையோடு கொண்டு போவது நல்லது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சரி, டாக்கி வுட். அதன் அழகை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. உயரமான பீச் மரங்கள், வழுவழுப்பான சாம்பல் நிற அடிமரம். அப்போதுதான் விரிந்த பீச் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரம் முழுக்கப் பட்டு நூல் மாதிரி மெல்லிய முடி இருக்கும். வெயில் அந்த இலைகளை ஊடுருவி இறங்கும்போது வெளிச்சமே இளம்பச்சையாகிவிடும். கீழே கண்ணுக்கெட்டிய வரை புளூபெல், மணி வடிவ நீலக் காட்டுப்பூ. தனியாகப் பறித்து முகர்ந்தால் தெரியாத வாசனை, லட்சக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது காற்றில் தெரியும். நான் முதல்முறை போனது ஒரு வாரநாள் காலை ஏழு மணிக்கு. கால் மணி நேரம் அசையாமல் நின்றேன்.

இரண்டாம் முறை போனது சனிக்கிழமை. பருவத்து வார இறுதிகளில் எஸ்டேட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அங்கே நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. பாதையோரம் கயிறு கட்டியிருக்கிறது. இரண்டும் தேவைதான் என்பது அன்றைக்குப் புரிந்தது. கயிற்றைத் தாண்டிப் பூவுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களை நான்கைந்து இடங்களில் பார்த்தேன். அவர்கள் எழுந்துபோன இடத்தில் குனிந்து பார்த்தேன். பூத்தண்டுகள் சில நிமிர்ந்துகொண்டன; இலைகள் மடிந்து, நசுங்கி, மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. புளூபெல்லுக்கு இலைதான் உயிர். மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள், அந்தச் சில வாரங்களில், அடுத்த ஆண்டுக்கான உணவை இலை சமைத்துக் கிழங்குக்கு அனுப்பியாக வேண்டும். நசுங்கிய இலையால் அது முடியாது. புதிதாக ஒரு விதை விழுந்தாலும் அது பூக்க ஐந்தாண்டுகளாவது ஆகும். 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் இந்தச் செடியைக் காக்கிறது. நிலத்துக்காரரின் அனுமதியில்லாமல் காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டினால் குற்றம். ஆனால் மிதிப்பதைத் தடுக்கக் கயிறும் நம் மனசும்தான் உண்டு. போனால் தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள்.

இருந்தும் என் தயக்கம் கூட்டத்தைப் பற்றியது அல்ல. பீச் மரத்தின் நிழல் மிகவும் அடர்த்தி. மே கடைசியில் இலைகள் முழுதாக விரிந்துவிட்டால் தரைக்கு வெளிச்சம் கிட்டத்தட்ட வராது; புளூபெல் அடங்கிய பிறகு கீழே வளர்வது மிகக் குறைவு. அந்த இரண்டு மூன்று வாரம் தவறினால் தவறியதுதான். இலையுதிர்காலத்தில் ஆஷ்ரிட்ஜ் பீச் மரங்கள் செம்பொன் நிறத்தில் நிற்கும் என்கிறார்கள். அந்தப் பருவத்தில் நான் போனதில்லை, அதனால் அந்தக் கணக்கை எடுக்கவில்லை.

இனி பிராட்ஃபீல்ட். முதல் பார்வைக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நீலக் கம்பளம் கிடையாது. புளூபெல் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான். களிமண் தரை. ஏப்ரலில்கூடச் சேறு காலைப் பிடித்து இழுக்கும். அம்மாவின் செருப்பு பத்தாவது நிமிடமே மாட்டிக்கொண்டது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். உள்ளே கொஞ்சதூரம் போனதும் மரங்கள் வெட்டப்பட்டு ஒரு பெரிய துண்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது. தரையோடு தரையாக அடிக்கட்டைகள், வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக. காட்டை அழித்துவிட்டார்களோ என்று முதல்முறை போனபோது நான் பதறியிருக்கிறேன்.

அம்மா பதறவில்லை. விழுப்புரம் பக்கம் கரும்புக்காட்டில் வளர்ந்தவர். ஒரு கட்டையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டையில் முட்டிக்கொண்டிருந்த மொட்டுகளைத் தடவிப் பார்த்தார். "இது மறுதாம்பு விட்டிருக்காங்க. நல்லா தாழ்வா வெட்டியிருக்கான் பாரு, அப்பதான் தூர் பலமா வரும்" என்றார்.

அதேதான். கரும்பை வெட்டிய கட்டையிலிருந்தே அடுத்த பயிரைக் கிளம்பவிடுவதுதான் மறுதாம்பு. இங்கே மரத்தில் செய்யும் இதைக் காப்பிஸ் என்கிறார்கள். ஆஷ், ஹேசல் போன்ற மரங்களைக் குளிர்காலத்தில் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுவார்கள். மழைநீர் தேங்காமல் வழிந்தோட வெட்டுவாயைச் சரிவாக விடுவார்கள். வசந்தத்தில் அந்தக் கட்டையிலிருந்து பத்து இருபது கம்புகள் கிளம்பும். மெல்லிய கம்பு வேண்டுமென்றால் ஏழெட்டு ஆண்டில், கனமானது வேண்டுமென்றால் இருபது சொச்சம் ஆண்டில், மறுபடி வெட்டலாம். நடுநடுவே ஓக் மரங்களை மட்டும் பெரிதாக வளரவிடுவார்கள். பிராட்ஃபீல்டில் இந்த முறை 1252ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருவதற்குப் பதிவு இருக்கிறது. அப்போது காடு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகளுக்குச் சொந்தம். இதை நான் சொன்னபோது அம்மாவால் நம்ப முடியவில்லை. கரும்பில் மறுதாம்பு இரண்டு மூன்றோடு ஓய்ந்துவிடும், பிறகு புதுக்கரணை நட வேண்டும். இங்கேயோ வெட்ட வெட்ட மரத்துக்கு ஆயுள் கூடுகிறது. வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் சில நூறு ஆண்டுகள் வாழ்ந்தாலே அதிகம். பிராட்ஃபீல்டில் ஆயிரம் ஆண்டு மதிக்கப்படும் ஆஷ் கட்டைகள் இருக்கின்றன. நடுப்பகுதி எப்போதோ உளுத்துப்போய், பாசி படிந்த ஒரு வளையம் மட்டும் நிற்கும். அந்த வளையத்தின் மேல் நேற்று முளைத்தவை போல இளங்கம்புகள்.

எனக்குத் தீர்மானத்தைக் கொடுத்தது இந்தப் பராமரிப்புத்தான். ஒரு துண்டு வெட்டப்பட்டதும் பல ஆண்டுகளாக நிழலில் கிடந்த தரையில் வெயில் விழுகிறது. மண்ணுக்குள் உறங்கிய வயலட் விதைகள் விழிக்கின்றன. இரண்டாம் மூன்றாம் வசந்தத்தில் பிரிம்ரோஸும் ஆக்ஸ்லிப்பும் நெருக்கிக்கொண்டு பூக்கின்றன. பிறகு முட்புதர் ஏறுகிறது. ஐந்தாறு ஆண்டில் ஆள் நுழைய முடியாத அடர்த்தி, பாடும் பறவைகள் கூடுகட்ட ஏற்ற இடம். பதினைந்து ஆண்டு தாண்டினால் கம்புகள் உயர்ந்து, நிழல் விழுந்து, தரை மறுபடி அமைதியாகிவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு துண்டு என்று முறைவைத்து வெட்டுவதால், இந்த எல்லா நிலையும் ஒரே நேரத்தில் ஒரே காட்டில் இருக்கின்றன. இரண்டு மணி நேர நடையில் இருபது வருடத்தைக் கடந்துவிடலாம். டாக்கி வுட்டில் ஒரே காட்சியை எத்தனை தூரம் நடந்தாலும் பார்க்கலாம். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சம் மாறுகிறது, பூ மாறுகிறது, காதில் விழும் சத்தமும் மாறுகிறது.

ஆக்ஸ்லிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிர் மஞ்சள் பூக்கள் ஒரே தண்டின் உச்சியில் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்ந்து தொங்கும். பிரிட்டனில் இது சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷைர் சேரும் சிறிய வட்டாரத்துப் பழங்காடுகளைத் தவிர வேறெங்கும் இயல்பாகக் காண்பது அரிது. புளூபெல்லுக்கு நாடு முழுக்க நூறு காடுகள் உண்டு. இதற்கு இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு. மான்களுக்கு இதன் பூ மிகவும் பிடிக்கும் என்பதால், வெட்டிய துண்டுகளை வேலி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.

வெட்டிய கம்புக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. ஆஷ் கம்பு பக்கத்து ஊரான லிட்டில் வெல்நெத்தத்தில் இருந்த பட்டறைக்கு வைக்கோல்வாரி செய்யப் போனது. ஹேசல் கம்பு, கூரை வேயவும் ஆட்டுக்குப் படல் பின்னவும். தேவை இருந்ததால் வெட்டினார்கள். வெட்டியதால் காடு பிழைத்தது. 1960களில் இதன் ஒரு பெரும்பகுதியை வேரோடு பெயர்த்து வயலாக்கினார்கள். மிச்சம் காப்பாற்றப்பட்டு, இன்று சஃபோக் வனவுயிர் அறக்கட்டளையின் கையில் தேசிய இயற்கைக் காப்பிடமாக இருக்கிறது. விறகு இன்றும் விற்பனையாகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

குறையும் இருக்கிறது. ஆஷ் மரங்களைக் காய்ந்துபோகச் செய்யும் பூஞ்சை நோய் 2012இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்டது. இளங்கம்புகளைத்தான் அது வேகமாக வாட்டும். இந்தக் காடு ஆஷை நம்பி நிற்பது. நுனி கருகிய கம்புகளை நானே பார்த்தேன். நைட்டிங்கேல் பறவையின் பாட்டைக் கேட்கலாம் என்று ஆசைகாட்டுவார்கள். இத்தனை முறை போயும் எனக்கு வாய்க்கவில்லை. அதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆக, காரில்லாமல் லண்டனிலிருந்து ஒரே ஒரு நாள் வருகிறீர்கள், சின்னக் குழந்தை கூட இருக்கிறது, புளூபெல்லை இதுவரை பார்த்ததே இல்லை என்றால் டாக்கி வுட்டுக்கே போங்கள். வாரநாளாக, விடிந்ததும் போங்கள். கார் இருந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய்வர முடியும் என்றால் பிராட்ஃபீல்ட். முதல் நடையை ஏப்ரல் நடுவில் வையுங்கள், ஆக்ஸ்லிப் அப்போது இருக்கும். முடிந்தால் பிப்ரவரியிலும் ஒருமுறை போங்கள். இலையே இல்லாத அந்த மாதத்தில்தான் எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

அம்மா மே மாதம் ஊருக்குத் திரும்பினார். ஜூலையில் போன்செய்தபோது, "அந்தக் கட்டையெல்லாம் துளிர்த்துதா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்தேன். என் இடுப்புயரம் வந்திருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். "பதினேழு இருக்கு. நல்லா தூர் கட்டியிருக்கு" என்று இரவு குரல்செய்தி வந்தது.