கரையும் இரும்பா, திட வினையூக்கியா?

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான ஜூரோங் தீவிலும் துவாஸிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு, ஆலைக் கழிவுநீரில் கலக்கும் ஃபீனால் போன்ற கரிம நச்சுகளைத் தெரிந்திருக்கும். சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையே அவை கொன்றுவிடும். அங்கே 1894இல் வேதியியலாளர் ஃபென்டன் விவரித்த வினை கைகொடுக்கிறது: ஹைட்ரஜன் பெராக்சைடை இரும்பு தூண்ட, பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற வீரியமான துகள் அந்த நச்சை உடைக்கிறது.

இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினால் வேகம் அதிகம், செலவு குறைவு. ஆனால் பிஎச் 3 அளவுக்கு அமிலம் வேண்டும். அப்புறம் காரம் சேர்த்துச் சமன்செய்தால் இரும்பெல்லாம் சேறாகப் படியும். சிங்கப்பூரில் இந்தச் சேறுதான் பெரிய தலைவலி. நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமான செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி திட வினையூக்கி, அதாவது நீரில் கரையாமல் வினையைத் தூண்டும் பொருள். அதில் இரும்பு ஆக்சைடு களிமண், கரி போன்றவற்றில் ஒட்டியிருக்கும். சேறு மிகக் குறைவு, பிஎச் கட்டுப்பாடும் தளர்வு. வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட் என்றால் காந்தத்தாலேயே பிரித்துவிடலாம். வேகம்தான் குறையும். இரும்பு மெல்லக் கசியும், பரப்பில் அழுக்கும் அடைக்கும். சோதனைக்கூடத்தின் சுத்த நீரில் கிடைத்த பலன் ஆலைக் கழிவுநீரில் அப்படியே வராது.

எப்போதாவது கொஞ்சம் கழிவுநீர் வரும் ஆலைக்கு இரும்பு உப்பைக் கரைக்கும் பழைய முறை சரி. தினமும் ஓடும் இடத்துக்கு நான் திட வினையூக்கியைத்தான் சொல்வேன், வெளியேறும் நீரில் இரும்பின் அளவைத் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாட்டோடு.