கோடஞ்சேரியா, கூர்க்கா? மழைக்காலத்துல காட்டாத்துல கயாக் ஓட்ட எங்க போகலாம்

காட்டாத்துல கயாக் (உக்காந்து துடுப்பு போடற சின்ன படகு) ஓட்டணும்னு ஆசை வந்தவுடனே எல்லாரும் மொதல்ல தேடுறது ரூமும் வியூவும்தான், ஆனா மொதல்ல பாக்க வேண்டியது அந்த ஆத்துக்கு தண்ணி விடறது யாருங்கறது, வானமா இல்ல கரண்டு ஆஃபீசா. எந்த மாசம் போகணும், லீவ முன்னாடியே போட்டு வைக்கலாமா, புதுசா கத்துக்கறவங்கள கூட்டிட்டு போலாமா, இதுக்கெல்லாம் பதில் அங்கேர்ந்து தானா வந்துரும்.

நம்ம ஆளுங்க வாய்ல அடிபடற இடம் நாலு. கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரி, கூர்க்குல அப்பர் பாரபோளே, உத்தர கன்னடால தண்டேலி, கடல் தாண்டினா இலங்கைல கித்துல்கல. மொத ரெண்டும் மழை ஆறு, அடுத்த ரெண்டும் டேம் ஆறு.

டேம் ஆறு ரெண்டையும் மொதல்ல முடிச்சிருவோம். தண்டேலில காளி ஆத்துக்கு தண்ணி சூபா டேம்லேர்ந்து வருது, கரண்டு எடுக்க திறந்து விடறப்ப ஆறு ஓடும், இல்லன்னா பாறதான். கிரேடு 2, 3 (கிரேடுன்னா ஆறு எவ்வளவு கஷ்டம்ங்கற அளவு, நம்பர் ஏற ஏற கஷ்டமும் ஏறும்), சீசன் மழை முடிஞ்சு அக்டோபர் வாக்குல ஆரம்பிச்சு கோடை வரைக்கும் போகும். ஆறு நல்ல அகலம், வெயில் வேற அடிக்கும், மொத தடவ போறவங்களுக்கு பயம் தெளியறதுக்கு நல்ல இடம், ஆனா ஓடைல போற ஃபீல் அங்க கிடைக்காது, காடு எங்கயோ தூரத்துல நிக்கும் நீங்க நடு ஆத்துல இருப்பீங்க.

கித்துல்கல வேற ரகம். கொழும்புலேர்ந்து அவிசாவளை வழியா ஹட்டன் ரோட்டுல போனா ஏறக்குறைய 90 கிலோமீட்டர், களனி ஆறு ஒரு பக்கம் அதுக்கு எதிர்க்கரைல அடர்ந்த மழைக்காடு. பட்டர் கிரஞ்ச், ஹெட் சாப்பர், கில்லர் ஃபால்னு ரேபிடுக்கெல்லாம் (பாறைக்கு நடுவுல தண்ணி சீறிப் பாயற எடம்) வச்சிருக்கற பேர கேட்டு மிரண்டுராதீங்க, பெரும்பாலும் கிரேடு 2, 3தான். மேல காசல்ரீ, மவுஸ்ஸாகலை, லக்சபானன்னு வரிசையா நீர்மின் நிலையம் இருக்கறதால தண்ணியோட சாவி அவங்க கைலதான், இப்ப பிராட்லேண்ட்ஸ்னு 35 மெகாவாட் திட்டம் ஒண்ணும் சேந்துருச்சு, அதனால என்னைக்கு எத்தன மணிக்கு தண்ணி இருக்கும்னு அங்க ஓட்டறவங்ககிட்ட கேட்டுட்டுதான் டிக்கெட் போடணும். குடும்பத்தோட இலங்கை சுத்திப்பாக்கப் போறப்ப ஒரு நாள் ஒதுக்கலாம். கயாக்குக்காக மட்டும் பிளைட் ஏறணுமான்னா வேணாம்னுதான் சொல்லுவேன், சொந்த கயாக்க கொண்டு போறதே ஒரு பெரிய தலவலி.

சரி இப்ப நெஜமான போட்டிக்கு வருவோம்.

அப்பர் பாரபோளேவ அந்த ஊர்ல கித்து கக்கட்டுன்னும் சொல்றாங்க. பிரம்மகிரி மலையோரம், தென் கூர்க், இதே தண்ணிதான் கீழ கேரளாக்குள்ள இறங்கி வளபட்டணம் ஆத்துல சேருது. அழகுன்னு பாத்தா நாலு இடத்துலயும் இதுக்குத்தான் என் ஓட்டு. காபி எஸ்டேட் நடுவுல ஜீப்புல குலுங்கி குலுங்கி போயி இறங்கினா ரெண்டு பக்கமும் மரம் கவுந்துகிட்டு, மேல மேகம் உக்காந்துகிட்டு, ஆள் அரவமே இருக்காது. மார்னிங் காஃபி, கிராஸ்ஹாப்பர், ராம்பா சாம்பா, விக்கெட் விட்ச், பிக் பேங்னு ரேபிட் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு வந்துகிட்டே இருக்கும், தண்ணி ஏறினா கிரேடு 4 வரைக்கும் போயிரும்.

ஆனா அது ராஃப்ட்டுக்கு, அதாவது பல பேர் சேந்து போற காத்தடிச்ச ரப்பர் படகுக்கு, செட் ஆன ஆறு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ராஃப்டிங் நடத்தறாங்க, பெரிய ராஃப்ட்ல கைடு பின்னாடி உக்காந்து "ஃபார்வர்டு, ஃபார்வர்டு"ன்னு கத்துவாரு நீங்க துடுப்பு போட்டா போதும். சொந்த கயாக்கோட போறவங்களுக்கு கத வேற, ஆத்துக்கு இறங்கற வழி எஸ்டேட் வழியாத்தான் போகுது, இன்னொரு பக்கம் சரணாலயம், யாரையாவது கேக்காம கால் வைக்க முடியாது, சில சமயம் மாவட்ட நிர்வாகம் ராஃப்டிங்கையே நிறுத்தி வச்சிரும் அப்ப போயும் பிரயோஜனமில்ல. இதவிட முக்கியமா ஒண்ணு, பாதில ஒருத்தருக்கு தோள்பட்ட எறங்கிருச்சுன்னு வைங்க, ரோடு கிடையாது, சிக்னல் கிடையாது, அட்டப்பூச்சி மேல ஏற ஏற எஸ்டேட்டுக்குள்ள நடந்துதான் வெளிய வரணும்.

கோடஞ்சேரி இதுக்கு நேர் எதிர். அங்க இருக்கறது ஒரு ஆறு இல்ல ரெண்டு, சாலிப்புழயும் இருவஞ்சிப்புழயும், ரெண்டும் கடைசில சாலியாருக்குத்தான் போகுது. பின்னாடி நிக்கற வாவுல் மல 2339 மீட்டர், அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துலயே கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கு இறங்கிருது, அந்த சரிவுலதான் ரேபிடு மேல ரேபிடா வருது. 2013லேர்ந்து மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் இங்கதான் நடக்குது, புலிக்கயத்துல சாலிப்புழல ஸ்லாலோம் (தொங்கற கம்பத்துக்கு நடுவுல வளஞ்சு வளஞ்சு ஓட்டறது) மாதிரி போட்டி, கடைசில ஆத்துப்போக்குல கீழ ஓட்டற டவுன்ரிவர் ரேஸ் இருவஞ்சில, ஜெயிச்சவங்களுக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணின்னு பட்டம். வெளிநாட்டு ஆளுங்கல்லாம் வந்து ஓட்டறாங்க, அதனால கயாக்னா என்னன்னு ஊர்ல சின்னப்பசங்களுக்குக்கூட தெரியும், கார் மேல கயாக்க பாத்தா ஒரு டீ கிளாஸோட வந்து "வெள்ளம் கூடுதலாணு, இன்னு இறங்ஙண்டா"ன்னு (தண்ணி ஜாஸ்தி, இன்னைக்கு எறங்க வேணாம்) அவங்களே சொல்லிருவாங்க. அந்த பேச்ச கேளுங்க, எந்த ஆப்பவிடவும் அதுதான் கரெக்டா இருக்கும்.

ரெண்டு ஆறு இருக்கறதுதான் கோடஞ்சேரியோட பெரிய பலம்னு நான் நினைக்கறேன். ஒரே எடத்துல ரூம் போட்டுட்டு காலைல பாலத்துல நின்னு தண்ணிய பாத்து இன்னைக்கு எதுன்னு முடிவு பண்ணலாம், பாரபோளேல அந்த சாய்ஸே இல்ல, தண்ணி சரியில்லன்னா காபி குடிச்சிட்டு திரும்ப வேண்டியதுதான். அதோட இங்க பல இடத்துல ஆத்துப்பக்கமே ரோடு வருது, எறங்கி நடந்து ரேபிட கரைலேர்ந்து பாத்துட்டு, ஓட்டலாமா தூக்கிட்டு சுத்திப் போகலாமான்னு யோசிக்கலாம், பயந்தா பாதிலயே வெளிய வந்துரலாம். குறைன்னு பாத்தா காட்டு ஃபீல் கம்மி, கீழ வர வர ரப்பரும் பாக்குமரமும்தான், துஷாரகிரி பக்கம் மேல போனாத்தான் அசல் காடு, அங்க வனத்துறைகிட்ட கேக்காம கயாக்க எறக்காதீங்க.

பயம் ஒண்ணு இருக்கு, அத சின்னதா எடுத்துக்க முடியாது. மலவெள்ளம். நீங்க நிக்கற எடத்துல வெயில் அடிச்சிட்டு இருக்கும், மேல எங்கயோ கொட்டியிருக்கும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி மெதுவா டீ கலருக்கு மாறும், காஞ்ச எலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிக்கும், பத்து நிமிஷம் முன்னாடி வெளிய தெரிஞ்சுகிட்டு இருந்த பாறையோட தல காணாம போயிருக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் கயாக்க விட்டாவது கரைக்கு ஏறிரணும், நடு ஆத்துப் பாறைல மாட்டிக்கிட்டா முடிஞ்சுது. இருவஞ்சில அரிப்பாற அருவிகிட்ட வழுக்கி விழுந்து போன உசுரு நிறைய, அங்க கரைல நின்னு செல்ஃபி எடுக்கறதுகூட வேணாம்.

இன்னொண்ணு, பாறைய எல்லாரும் பாத்து பயப்படறாங்க, விழுந்து கிடக்கற மரத்த பாத்து பயப்படறதில்ல. தண்ணி கிளை வழியா பூந்து போயிரும் ஆளு போக முடியாது, அமுக்கி பிடிச்சுக்கும். ஒவ்வொரு மழைக்கும் புதுசு புதுசா மரம் விழும், போன வருஷம் ஓட்டின லைன் இந்த வருஷம் அப்படியே இருக்கும்னு நம்பக்கூடாது.

யாரு எங்க போகணும்? ரோல் தெரியாதவங்க, அதாவது கவுந்தா போட்டுக்குள்ள இருந்தபடியே நிமிர தெரியாதவங்க, மழைக்காலத்துல தனியா கயாக்ல உக்காரவே வேணாம், கூர்க்ல ராஃப்ட் ஏறுங்க, அழகும் கிடைக்கும் பொறுப்பு கைடோடது. ரோல நீச்சல் குளத்துலயே கத்துக்கலாம், அத முடிச்சுட்டு கோடஞ்சேரி போயி தெரிஞ்ச ஆளு யாரையாவது வச்சுகிட்டு சாலிப்புழ கீழ்ப்பகுதிலேர்ந்து ஆரம்பிங்க. கிரேடு 3ல கை பழகினவங்களுக்கு கேள்வியே இல்ல, கோடஞ்சேரிதான். எங்க போனாலும் கூட ரெண்டு பேராவது ஓட்டத் தெரிஞ்சவங்க, ஆளுக்கொரு த்ரோ பேக் (தண்ணில விழுந்தவங்களுக்கு எறியற கயிறுப் பை), ஹெல்மெட், நல்லா இறுக்கின லைஃப் ஜாக்கெட், இதுல பேரம் பேசாதீங்க.

போற வழி: கோவைலேர்ந்து ஊட்டி, கூடலூர், நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியா போகலாம், நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், அது வேணாம்னா பாலக்காடு சுத்திக்கங்க. சென்னைக்காரங்க மங்களூர் மெயில் ஏறினா கோழிக்கோட்டுல இறங்கிரலாம். கூர்க்குக்கு பந்திப்பூர் ரோடுன்னா ராத்திரி 9லேர்ந்து காலைல 6 வரைக்கும் கேட் மூடியிருக்கும், ஆஃபீஸ் முடிச்சு கிளம்பி நைட்டோட நைட்டா போயிரலாம்னு பிளான் போடறவங்க அங்கதான் மாட்டுவாங்க.

கேரளால மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் சகஜம், கால்ல சிராய்ப்போட ஆத்துல இறங்கறவங்களுக்குத்தான் ரிஸ்க் அதிகம், அதனால போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட தடுப்பு மாத்திரை பத்தி கேட்டுக்கங்க, வந்தப்புறம் காய்ச்சல் அடிச்சா ஆத்துல இறங்கினத மறக்காம சொல்லுங்க. மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் வந்தா ஆத்துப்பக்கம் போறதையே தடை பண்ணிருவாங்க, அதனால ரூம கேன்சல் பண்ணா காசு திரும்பத் தர்ற எடமா பாத்து போடுங்க. ஃபெஸ்டிவல் ஜூலை கடைசி வாக்குல வரும், வேடிக்க பாக்கறதுன்னா அப்ப போங்க, நிம்மதியா ஓட்டணும்னா ஆகஸ்ட் பாதிக்கு மேல போங்க, கூட்டமும் கொறஞ்சிருக்கும் தண்ணியும் கொஞ்சம் எறங்கியிருக்கும்.