மந்திரமா, விபாசனாவா, எட்டு வாரப் பயிற்சியா?

1893-ல் சிகாகோவில் பேசிய விவேகானந்தருக்கு யோகம் என்றால் மனதை அடக்குவதுதான். 1896-ல் வந்த அவருடைய 'ராஜயோக'த்தில் ஆசனத்துக்குச் சிறிய இடமே உண்டு. பின்னர் மேற்கில் ஆசனம் முன்னுக்கு வந்துவிட, மன அமைதி தேடியவர்கள் தியானத்தைத் தனியாகக் கற்கப் போனார்கள். அப்படி அங்கே வேரூன்றிய மூன்று முறைகளில் எது யாருக்குப் பொருந்தும்?

மகரிஷி மகேஷ் யோகி 1959-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஆழ்நிலை தியானம் மூன்றிலும் எளிது. காலையும் மாலையும் 20 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்களை மூடி, ஆசிரியர் தந்த மந்திரத்தை மனதுக்குள் ஓடவிட வேண்டும். மந்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டால் தலை கனக்கும். நழுவினால் நழுவட்டும், நழுவியது தெரிந்ததும் மெல்லத் திரும்பினால் போதும். கற்கக் கட்டணம் உண்டு என்பதுதான் குறை.

விபாசனா என்பது மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் பௌத்த தியானம். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனா முகாம்களுக்குக் கட்டணமே இல்லை. முகாமை முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் உழைப்பு அதிகம். பத்து நாள் முகாம், பத்தாம் நாள் காலைவரை மௌனம், விடியற்காலை 4 மணிக்கு மணியோசை, நாளுக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டிய தியானம். முதல் மூன்று நாளும் மூச்சுதான். மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறிய இடத்தில் காற்று உரசுவதைக் கவனிக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: உரசல் தெரியவில்லை என்று மூச்சை வேண்டுமென்றே இழுத்து விடுகிறார்கள். அது பிராணாயாமம் ஆகிவிடும். இயல்பான மூச்சு பிடிபடவில்லை என்றால் சில மூச்சுகளைச் சற்று அழுத்தமாக விட்டுவிட்டு, உடனே பழையபடி விட்டுவிட வேண்டும். நான்காம் நாளிலிருந்து கவனம் உடல் முழுக்க நகரும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வுகளும் தொடங்கும். முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது பயிற்சி அல்ல. வலி எங்கே தொடங்குகிறது, எப்படி மாறுகிறது என்று வெறுப்பில்லாமல் பார்ப்பதே பயிற்சி. கடும் மனச்சோர்வோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்கள் இதில் முதலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நீண்ட மௌனத்தில் அவை பெரிதாகக் கிளம்பலாம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பதும் அதற்காகத்தான், மறைக்காமல் எழுதுங்கள்.

ஜான் கபாட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியுள்ளவர்களை மனதில் வைத்து அமைத்தது MBSR எனப்படும் எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் சுமார் 45 நிமிடம், நடுவே ஒரு முழுநாள் மௌனம். படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை கவனத்தை நகர்த்தும்போது தூக்கம் வருவது வழக்கம். கண்ணைத் திறந்து வைத்தோ உட்கார்ந்தோ செய்யலாம். மிதமான ஆசனங்களும் இதில் இருப்பதால் உட்காரவே பொறுமை இல்லாதவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம்.

நேரம் குறைந்தவர்களுக்கு மந்திரம் நல்லது. விபாசனாவுக்குப் போக ஆசை இருந்தால், முதலில் வீட்டில் மூச்சைக் கவனித்துச் சில மாதம் உட்கார்ந்து பாருங்கள். முகாம் முடிந்த பிறகும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.