ரெனோ டஸ்டர் டீசல் காருக்கு இரண்டு முறை நானே டைமிங் பெல்ட் மாற்றிய அனுபவம்

2019 பிப்ரவரியில் முதல் முறை மாற்றியபோது என் வண்டி 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2025 ஜனவரியில் இரண்டாவது முறை மாற்றியபோது 1,52,000. இடையில் ஆறு வருடம், 74,000 கிலோமீட்டர். முதல் முறை போட்ட பாகங்களை என் கையாலேயே வெளியே எடுத்துப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பெல்ட் செட் நல்லதா இல்லையா என்பது போடும் நாளில் தெரியாது, கழற்றும் நாளில்தான் தெரியும்.

வண்டி 2014 மாடல் டஸ்டர், 85 குதிரைத்திறன் டீசல். ஒரகடத்தில் செய்த வண்டி, ஓடுவதும் பெரும்பாலும் தாம்பரம், வண்டலூர், கிண்டி என்று சென்னைக்குள்தான். உள்ளே இருப்பது ரெனோவின் கே9கே இன்ஜின், 1461 சிசி. சன்னி, டெரானோ, மைக்ரா, ஸ்காலா, லாட்ஜி, வெரிட்டோ என்று பல வண்டிகளின் டீசல் மாடல்களில் இருப்பது இதே குடும்பம்தான். அந்த வண்டிக்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

டைமிங் பெல்ட் என்பது பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. இந்த இன்ஜினில் அது கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டீசல் உயர் அழுத்தப் பம்ப், வாட்டர் பம்ப் நான்கையும் சுற்றி ஓடுகிறது. இறுக்கிப் பிடிக்க ஒரே ஒரு டென்ஷனர். பெல்ட் அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தே நிற்கும், இரண்டும் மோதும். வால்வு வளையும், ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) கழற்றி இறக்க வேண்டி வரும், செலவு லட்சத்தை நோக்கிப் போகும்.

என் அத்தை மகனுக்கு அப்படித்தான் ஆனது. அவன் சன்னிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். டென்ஷனரும் வாட்டர் பம்பும் பழையதே. “நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வீண் செலவு” என்றார்களாம். சுமார் 30,000 கிலோமீட்டரில் விக்கிரவாண்டி தாண்டி வண்டி நின்றது. வாட்டர் பம்ப் பேரிங் இறுகி, புது பெல்ட் பல் உரிந்து போயிருந்தது. பெல்ட்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் வண்டியில் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் ஒரே நாளில்தான் மாறும் என்று. இத்தனை வருடம் கழித்தும் இந்த வேலையில் நான் அழுத்திச் சொல்வது அதைத்தான். பெல்ட்டின் ஆயுளை அது ஓடும் பேரிங்குகள்தான் தீர்மானிக்கின்றன.

கே9கே வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட். அது ஓரத்தில் பிரிந்து நூல்நூலாகத் தொங்க ஆரம்பித்தால், அந்த நார் கிராங்க் புல்லியின் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். நன்றாக இருந்த டைமிங் பெல்ட்டே பல் தாண்டிவிடும். இந்த இன்ஜினில் இது பல நாடுகளில் பலருக்கு நடந்த விஷயம். அதனால் வெளி பெல்ட்டையும் அதன் பேரிங்குகளையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சரி, பாகம் வாங்கிய கதை. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். ஒரே வண்டிக்கு மூன்று விதமாகக் காட்டினார்கள்: கம்பெனி பெட்டி, கான்டிடெக் அல்லது கேட்ஸ் போன்ற பெல்ட் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி, பிறகு பெயரே கேள்விப்படாத ஒன்று பாதிக்கும் குறைவான விலையில். கார் கம்பெனி பெல்ட் செய்வதில்லை, வெளியே வாங்கித் தன் பெட்டியில் போடுகிறது. எனவே முதல் இரண்டில் எதை எடுத்தாலும் தப்பில்லை. நான் முதல் முறை கான்டிடெக் எடுத்தேன், பெல்ட்டும் டென்ஷனரும் வாட்டர் பம்பும் ஒரே கிட்டாக. இரண்டாம் முறை கேட்ஸ். இரண்டுக்கும் என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிட்டாக வாங்குவதில் ஒரு நிம்மதி, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

நல்ல பெயரில் போலியும் வருகிறது என்பதுதான் பயம். கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் அச்சு தெளிவாக இருக்க வேண்டும், விரலால் தேய்த்தால் கையில் ஒட்டக்கூடாது. பற்களின் மேல் ஒரு துணிப் படலம் இருக்கும், அது சீராக, நூல் பிரியாமல் இருக்க வேண்டும். ஓரம் வெட்டிய இடத்தில் உள்ளே கண்ணாடி நார்க் கயிறுகள் ஒரே வரிசையில் தெரியும். டென்ஷனரை விரலில் மாட்டிச் சுற்றினால் கிரீஸ் நிறைந்த பேரிங் மெதுவாக, சத்தமில்லாமல் நிற்கும். பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே கிரீஸ் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். பெட்டியில் கியூஆர் குறி இருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்த்துவிடலாம். தயாரித்த தேதி இருந்தால் அதையும் பாருங்கள். ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் கிழடாகும், வெயில் படும் அலமாரி என்றால் இன்னும் வேகமாக.

கடைப்பையன் பெல்ட்டை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி, நன்றாக மடக்கி “எவ்ளோ சாஃப்டா இருக்கு பாருங்க சார்” என்று காட்டினான். அந்த பெல்ட்டை நான் வாங்கவில்லை. கூர்மையாக மடித்தால் உள்ளே உள்ள கண்ணாடி நார் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது. வேறு பெட்டி கேட்டு வாங்கினேன். உங்களுக்கும் அப்படி நடந்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

கிட்டோடு சேர்த்து வாங்கியவை புது கிராங்க் புல்லி போல்ட், வெளி பெல்ட், கூலன்ட். புல்லி போல்ட் முறுக்கும்போது நீளும் வகை, ஒருமுறைக்குத்தான். பழையதையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் நூறு இருநூறு ரூபாய் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்கினேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வலது முன் சக்கரத்தை எடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டியை அகற்றினால் புல்லி தெரியும். வலது பக்க இன்ஜின் மவுன்டைக் கழற்ற வேண்டும் என்பதால் ஆயில் சம்புக்கு (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தட்டு) அடியில் ஒரு பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கினேன். பலகை இல்லாமல் ஜாக்கி கொடுத்தால் சம்பு நசுங்கும். மேல் மூடியையும் கீழ் மூடியையும் பொறுமையாக எடுத்தால் உடையாது. கழற்றும் வரிசைப்படி போல்ட்டுகளை முட்டை அட்டையில் போட்டு எண் எழுதி வைத்தேன். முதல் முறை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

இந்த இன்ஜினில் டைமிங்கைப் பூட்ட இரண்டு பின்கள் உண்டு. ஒன்று பிளாக்கில் உள்ள ஒரு பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் திருகுவது, கிராங்க் மெதுவாக வந்து அதன் மேல் சாயும். இன்னொன்று 8 மில்லிமீட்டர் கம்பி, கேம் பல்சக்கரத்தின் துளை வழியாக ஹெட்டில் நுழையும். இந்தப் பின்கள் வாடகைக்கும் கிடைக்கும், வாங்கினாலும் விலை அதிகமில்லை. பெயின்ட்டில் கோடு போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. அதே நேரம், புல்லி போல்ட்டைத் தளர்த்தவோ இறுக்கவோ இந்தப் பின்களை நம்பி முறுக்கக்கூடாது, வளைந்துவிடும். ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நீளக் கம்பியோடு போல்ட்டைத் திருப்ப வேண்டும். பிரேக்கில் உட்கார்ந்தது என் மனைவி.

என் வண்டியில் இருந்தது எம்14 போல்ட். 120 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கி, அதற்கு மேல் 95 டிகிரி திருப்பினேன். இதே இன்ஜினில் எம்12 போல்ட்டும் வரும், அதற்குக் கணக்கு வேறு, உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

புது பம்ப், புது டென்ஷனர், பெல்ட் எல்லாம் ஏறியதும், 6 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் டென்ஷனரைத் திருப்பி முள்ளைக் குறிக்கு நேராக நிறுத்தி நட்டை இறுக்கினேன். அப்புறம் இரண்டு பின்களையும் எடுத்துவிட்டு ஸ்பானரால் கிராங்கை அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று. எங்கள் தெருக்கோடியில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அன்று மாலை எட்டிப் பார்த்தார். “அண்ணே, சுத்தியாச்சு, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?” என்றேன். “பின்னு ரெண்டும் திரும்ப உள்ள போகுதா பாரு தம்பி. போகலைன்னா சாவியத் தொடாத” என்றார்.

கேம் பின் நுழையவில்லை. துளை அரைப் பல் அளவு தள்ளி நின்றது, டார்ச் அடித்துப் பார்த்தால் பிறை மாதிரி ஒரு இருட்டு மட்டும் தெரிந்தது. பெல்ட்டை ஏற்றும்போது கேமுக்கும் டீசல் பம்புக்கும் நடுவில் தொய்வு விட்டிருக்கிறேன், இறுக்கியதும் அந்தத் தொய்வு கேமை இழுத்துக்கொண்டது. மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, டென்ஷனர் இருக்கும் பக்கம் மட்டுமே தொய்வு வருமாறு ஏற்றி, மறுபடி இரண்டு சுற்று. இந்த முறை கம்பி தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பின்களை எடுத்துவிட்டு டென்ஷனர் முள்ளை இன்னொரு முறை குறிக்கு நேராக்கி, நட்டை 27 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம்தான் இன்ஜினைக் காப்பாற்றியது.

கூலன்ட் ஊற்றிக் காற்று எடுப்பதை அவசரமாக முடிக்காதீர்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, ஆறியபின் அளவு பார்த்தேன். மறுநாள் கால் லிட்டர் குடித்தது.

இனி 74,000 கிலோமீட்டர் கழித்து வெளியே வந்தது. பெல்ட்டின் முதுகு எழுத்து பாதி அழிந்திருந்தது, பற்களின் துணி பளபளவென்று தேய்ந்திருந்தது, ஆனால் வெடிப்பு இல்லை, ஓரம் பிரியவில்லை. இதைப் பார்த்து “இன்னும் 50,000 ஓட்டியிருக்கலாமே” என்றான் மச்சான். கூடாது. பெல்ட்டின் களைப்பு உள்ளே உள்ள நாரில் இருக்கும், வெளியே தெரியாது. நகர நெரிசலில் கிலோமீட்டர் ஏறாமலேயே இன்ஜின் மணிக்கணக்கில் சுற்றுகிறது, சித்திரை வெயிலில் பானட்டுக்குள் வேகிறது. அதனால் நான் வருடத்தையும் கணக்கில் எடுக்கிறேன்: 75,000 அல்லது ஆறு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இது என் ஓட்டத்துக்கு நான் வைத்த கணக்கு.

டென்ஷனரைப் புதியதன் பக்கத்தில் வைத்துச் சுற்றினேன். புதியது வெண்ணெய் போல நின்றது. பழையது காதருகே மணலை அரைப்பது போல மெலிதாகக் கரகரத்தது. வாட்டர் பம்பின் அடியில், தண்ணீர் கசிவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளையைச் சுற்றி நகம் அளவுக்கு வெளுத்த உப்பு படிந்திருந்தது. இன்னும் ஒழுகவில்லை, ஆனால் சீல் தளர ஆரம்பித்துவிட்டது. பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் இந்த இரண்டும்தான் அடுத்த 75,000-ஐச் சுமந்திருக்கும்.

ஏமாந்தது ஒரே இடத்தில். 2019-இல் வெளி பெல்ட்டின் ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) பேரிங்கை மட்டும் பெயரில்லாத பெட்டியில் வாங்கினேன், நல்லது அன்று கிடைக்கவில்லை. 14,000 கிலோமீட்டரில் காலை ஸ்டார்ட்டில் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கழற்றினால் பேரிங் ஆடியது, வெளி பெல்ட்டின் ஓரம் நூல் விட்டிருந்தது. அந்த நார் உள்ளே போயிருந்தால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன். உடனே இனா கம்பெனி பேரிங்கும் புது பெல்ட்டும் போட்டேன், 2025 வரை சத்தமே இல்லை. நல்ல பாகம் வர இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் பஸ்ஸில் போகலாம்.

செலவு: இரண்டாம் முறை கிட், வெளி பெல்ட் செட், போல்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வெளியில் இதே வேலைக்குக் கேட்ட தொகை 23,000. சேமிப்புக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். டார்க் ரென்ச், ஸ்டாண்ட், பின்கள் என்று முதல் முறை மிச்சமானது கருவிகளுக்கே போய்விடும். பிரேக் பேட், கிளட்ச் கேபிள் மாதிரி வேலைகள்கூடச் செய்து பழகாதவர்கள் பாகத்தை மட்டும் தாங்களே பார்த்து வாங்கி, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். பாகத்தின் தரம் உங்கள் கையில் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

இப்போது 1,63,000 ஓடியிருக்கிறது. போன மாதம் மேல் மூடியைத் திறந்து பார்த்தேன். பெல்ட் பல்சக்கரத்தின் நடுவில் நேராக ஓடுகிறது, தூசி தவிர ஒன்றும் இல்லை. மூடியின் உள்பக்கம் வெள்ளை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: ஜனவரி 2025, 1,52,000, பம்ப் புதிது.